சவரியம்மாளைத் தேடி வந்த ஏழாம் குழி

முழங்கால் வீங்கி சவரியம்மாள் பதினோரு நாள் வேலைக்குப் போகாததால், பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை காலையில், துரைமேட்டு கோல்ஃப் கிளப்பின் ஏழாம் குழி, தன்னைச் சுற்றியிருந்த வட்டப் புல்தரையையும், நடுவில் நட்டிருந்த சிவப்புக் கொடியையும், புல் நுனியில் நின்ற பனித்துளிகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டரை கிலோமீட்டர் மலைச்சரிவு இறங்கி அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, வந்த விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. தண்ணித்தொட்டி காலனியில் இரண்டு வரிசை லயன் வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கும், நடுவே துணி காயப்போடும் வெறும் மண்தரை. அந்த மண்தரையில் அது வந்து படுத்திருந்தது. தண்ணீர் டிரம்மைக் கவிழ்க்காமல் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தது, துணிக்கொடியை அறுக்கவில்லை, கோழிக்கூண்டைத் தொடவில்லை. இருபதடி அகலமுள்ள இடத்தில் நாற்பதடி வட்டம் எப்படி அடங்கியது என்று கேட்பவர்கள் ஒருநாளாவது லயன் வீட்டில் ஒன்பது பேரோடு குடியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

முதலில் பார்த்தவள் எதிர்வீட்டுத் தங்கேஸ்வரிதான். கோலம் போட வெளியே வந்தவள் கோலப்பொடி டப்பாவோடு அப்படியே நின்றாள், பிறகு கதவைத் தட்டினாள். "அக்கா, யக்கோவ், எந்திரி. உன் புல்லு வந்திருக்கு."

சவரியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் கொடிக்கு இடது பக்கத்தில் மூன்று இடத்தில் கோரை முளைத்திருந்தது அவள் கண்ணில் பட்டுவிட்டது. "ஐயோ, யாரு கவனிச்சா இத்தன நாளும்!" என்று வாய்விட்டுச் சொன்னாள், குனியப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை, நின்றபடியே அழுதாள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புல்வெளியில் ஒரு கோடியில் நின்று சின்ன வெள்ளைப் பந்தை அடித்து, அடித்து, மறுகோடியிலிருக்கும் குழியில் விழவைக்க வேண்டும். குறைந்த அடியில் விழவைத்தவர் ஜெயித்தவர். குழியைச் சுற்றி மட்டும் புல் விரித்த பட்டுத்துணியாக இருக்கவேண்டும், ஒரு களை இருந்தாலும் பந்து கோணிப்போகும். அதற்குப் பெயர் கிரீன். துரைமேட்டில் ஒன்பது குழி, ஒன்பது கிரீன், ஒவ்வொன்றுக்கும் முட்டி போட்டுக் களை பிடுங்க ஒரு பெண். ஏழாவதற்கு இருபத்திரண்டு வருஷமாக சவரியம்மாள். வருகைப் பதிவேட்டில்கூட அவளுக்குப் பெயர் கிடையாது, 7 என்றுதான் இருக்கும். ஆட வருகிறவர்களைக் கண்டதும் எழுந்து சவுக்கு மரத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்றுகொள்ள வேண்டும், அதுதான் முறை. அவள் லீவு போட்ட எட்டாம் நாள் கிளப் செக்ரட்டரி பதிவேட்டிலிருந்து அந்த 7 என்ற எண்ணை அடித்துவிட்டார். முழங்கால் போனபின் யார் வைத்துக்கொள்வார்கள், அவளே அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற மகள் ஜெசிந்தா போனில் சொல்லிவிட்டாள். "போதும்மா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடறேன். துணிமணிய எடுத்து வை." சவரியம்மாளும் சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து, மகள் போனில் சொன்ன அந்த வீடுதான் அவள் நினைப்பு. இரண்டாவது மாடி, ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல், ஒரு புல் கிடையாது. மகள் கடமைக்குக் கூப்பிடுகிறாள், நான் போய் அங்கே ஒரு மூலையில் கிடக்கப்போகிறேன் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். இந்த மலையில் இரு என்று அவளிடம் சொல்ல ஒருத்தர்கூட இல்லை. அந்த நேரத்தில்தான் இது வந்தது.

காலனி அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், காலை எட்டு மணிக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டது. செருப்போடு மிதிக்கக்கூடாது என்று தங்கேஸ்வரி சொன்னாள், யாரும் மிதிக்கவில்லை. வெயில் படவேண்டும் என்று சவரியம்மாள் சொன்னாள், நிழல் விழுகிற போர்வைகளெல்லாம் கூரைக்கு ஏறின. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் தோளில் தூக்கிக்கொண்டு விளிம்பிலேயே நடந்தார். பத்து மணிக்கு, வேலைக்குப் போகாத ஆறு பெண்கள் முட்டி போட்டு, சவரியம்மாள் கைநீட்டிய இடத்திலெல்லாம் களை பிடுங்கிக் கொண்டிருந்தார்கள், நேற்றுவரை இதே வேலைதான் பார்த்தது மாதிரி.

பதினொரு மணிக்கு ஓடைக்கரைக்காரர்கள் வந்தார்கள்.

குறிஞ்சிமட்டம் என்ற அந்த மலையூரில் இரண்டு கோல்ஃப் கிளப். மேலே துரைமேட்டில், டாக்டர்களும் வக்கீல்களும் எஸ்டேட்காரர்களும் ஆடுவது. கீழே ஓடைக்கரையில், மெக்கானிக்கும் டீச்சரும் பேக்கரிக்காரரும் ஆடுவது. ஓடைக்கரையின் ஒன்பதாம் குழியை ஒரு மழைக்காலத்தில் மண்சரிவு அடித்துக்கொண்டு போய்விட்டதால் அங்கே எட்டுதான், கணக்கு நிரப்ப ஒன்றாம் குழியையே இரண்டு தடவை ஆடுவார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே துரைமேட்டுக்காரர்கள் பதினாறு வருஷம் சிரித்திருக்கிறார்கள். ஓடைக்கரைக் கேப்டன் யூசுப், வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் சுடும் பேக்கரி அவருடையது. துரைமேட்டுக் கேப்டன் பல் டாக்டர் அருமைநாயகம். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒருத்தரையொருத்தர் கிண்டல் செய்யாமல் சாப்பாடு இறங்காது.

யூசுப் ஒரு தட்டு வர்க்கியோடு வந்து கிரீனை ஒரு சுற்று சுற்றினார், குனிந்து தடவிப் பார்த்தார். அப்போதே மேலிருந்து டாக்டரும் செக்ரட்டரியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"டேய் யூசுப், கைய எடு. அது எங்க குழி."

"உங்க குழின்னா உங்க மேட்ல இருந்திருக்கணும் நாயகம். இந்தக் காலனி ஓடைக்கரை வார்டு. வார்டுக்குள்ள வந்தது வார்டுக்குச் சொந்தம். இப்ப எங்களுக்கு ஒம்பது, உங்களுக்கு எட்டு. போ, போய் ஒண்ணாங்குழிய ரெண்டு தடவ ஆடு."

"எங்க கோர்ஸ்ல நின்னா மூணு மலை தெரியும்டா. உங்க கோர்ஸ்ல நின்னா ஒரு சாக்கடை தெரியும்."

"மூணு மலை என்னிக்கு தெரிஞ்சுது? வருஷத்துல பத்து மாசம் பனி. பந்த அடிச்சிட்டு ஆளுக்கு ஒரு டார்ச்ச வெச்சிட்டு தேடறீங்க. போன மாசம் ஒரு வக்கீலயே தேடினீங்களாமே?"

"அவரு கெடச்சிட்டாரு. உங்க கோர்ஸ்ல பந்து விழுந்தா ஆடு முழுங்கிடுது, அதுக்கு என்ன பதில்?"

"அதுக்கு ரூல் இருக்கு. ஆடு எங்க நிக்குதோ அங்க இன்னொரு பந்து. எங்க ஆடுங்களுக்கு விஷயம் தெரியும், முழுங்கிட்டு குழி பக்கமாத்தான் போகும்."

காலனியே சிரித்தது. டாக்டர் பொய்க்கோபத்தோடு வர்க்கி ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் யாரோ காயவைத்திருந்த மிளகாயை மிதித்துவிட்டு, உடனே கையைத் தூக்கி, "என் மேல ஒரு அடி," என்றார். இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தப்பு செய்தவரே தன் தப்பைச் சொல்லித் தன் கணக்கில் ஒரு அடி கூட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷம் அப்படி ஆடி ஆடி, கடைத்தெருவில் யார் மேலாவது இடித்துக்கொண்டால்கூட இரண்டு கிளப்காரர்களுக்கும் கை தானாக மேலே போகும்.

குழி ஏன் வந்தது என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோல்ஃப் ஆடுகிறவர்கள் செய்கிற தப்பு அது, என்ன நடந்தாலும் அதற்கு ஒரு ரூல் எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது அவர்களுக்கு. அன்று சாயங்காலமே துரைமேட்டுக் கமிட்டி கூடி, 'கொடி எங்கே நிற்கிறதோ அங்கேதான் குழி' என்று தீர்மானம் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, சனிக்கிழமை முதல் ஏழாம் குழியை அது இருக்கிற இடத்திலேயே ஆடுவது என்று முடிவு செய்தது.

ஆடினார்களே, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஏழாம் குழி ஆரம்பிக்கிற மேட்டில் நின்று டாக்டர் அடித்த பந்து சர்ச் தெருவில் விழுந்தது, அங்கிருந்து அடித்தது மாவு மில் கூரையில் பட்டுத் தெறித்தது, மில்காரர் மாவு படிந்த கையோடு வெளியே வந்து விழுந்த இடத்தைக் காட்டினார், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி நான்கு பேர் அடித்து முடிக்கும்வரை பயணிகளைப் பொறுமையாக இருக்கச் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் நின்ற நாற்பது பேர் பந்து வரும்போதெல்லாம் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குனிந்தார்கள், வரிசையை மட்டும் விடவில்லை. சாக்கடையில் விழுந்தால் எடுத்துத் துடைத்து வைக்கலாம், தையல் கடைக்குள் போனால் மெஷின் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், ஆட்டோவில் விழுந்தால் ஆட்டோ எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆடவேண்டும் என்று தெருவுக்குத் தெரு ரூல் பிறந்தது. ஒரு வக்கீலின் பந்து ஆட்டோவில் ஏறிக் காலனி வாசலிலேயே இறங்கி அவருக்கு ஐந்து அடி மிச்சமானது. ஆட்டோக்காரர் சொந்தக்காரரா என்று அரைமணி நேரம் விசாரணை நடந்தது.

ஓடைக்கரைக்காரர்களும் எட்டு முடித்துவிட்டு ஒன்பதாவதுக்கு அங்கேயே வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கியடித்ததால் தங்கேஸ்வரி இடுப்பில் கைவைத்து, "குழாயடியில எப்படியோ அப்படித்தான் இங்கயும். பைய வரிசையா வைங்க," என்று சொல்லிவிட்டாள். தண்ணீர்க் குடங்களுக்குப் பின்னால் குடங்களாக, இரண்டு கிளப்பின் தோல் பைகளும் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற பையை நகர்த்திவிட்டுத் தன் பையை வைத்த எஸ்டேட்காரருக்குக் குழாயடியில் என்ன கிடைக்குமோ அதே கிடைத்தது, பாவம், அவர் அதுவரை அப்படிப்பட்ட வார்த்தைகளைக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை செக்ரட்டரி லாரி கொண்டுவந்தார். சவரியம்மாள் கண் முன்னால், பாளம் பாளமாக வெட்டி ஏற்றி, மேலே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் பதித்தார்கள். செவ்வாய் விடியும்போது காலனியில் திரும்ப வந்து கிடந்தது, விளிம்பெல்லாம் சேறு, கொடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. சவரியம்மாள் வாளியில் தண்ணீர் எடுத்துச் சேற்றைக் கழுவிவிட்டு, "ஏன் இப்படி அலையற?" என்று திட்டினாள். புதன்கிழமை முழங்காலுக்குப் படம் எடுக்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவளை ஒருநாள் இருக்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்க வந்த கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏழாம் கிரீனில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது, ஆஸ்பத்திரி டாக்டர் கூப்பிட்டும் இரண்டு பேர் எழுந்துபோக மனமில்லாமல் இருந்தார்கள்.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, அந்தக் குழி காலனிக்கும் வரவில்லை, வார்டுக்கும் வரவில்லை, அந்த அம்மாவுக்குப் பின்னால் வருகிறது என்று. அந்த அம்மா எந்தப் பக்கம் குடியிருக்கிறாளோ அந்தப் பக்கத்து கிளப்புக்கு ஒன்பது.

அதற்கப்புறம் சவரியம்மாள் வாசலில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அவளும் பின்னாலேயே குழியும் வீடு திரும்பிய சாயங்காலமே செக்ரட்டரி டாக்டரையும் கூட்டிக்கொண்டு பழக்கூடையோடு வந்து, மேலே மிஷின் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ் வெள்ளையடித்து ரெடியாக இருக்கிறது என்றார். யூசுப் வர்க்கியோடு வந்து, பேக்கரிக்குப் பின்னால் வீடு, சுவரில் அடுப்புச் சூடு, முழங்காலுக்கு அதைவிட நல்லது கிடையாது என்றார்.

"மேட்டுக் குளிருக்கு முழங்கால் விறைச்சிடும்மா," என்றார் யூசுப்.

"ஓடைக்கரையில மழை வந்தா கட்டிலுக்கு அடியில மீன் புடிக்கலாம்மா," என்றார் டாக்டர்.

"மேட்டுல அவசரத்துக்கு ஒரு கறிவேப்பிலை கெடைக்குமா? கீழ இறங்கி ஏறணும்."

"ஓடைக்கரையில கறிவேப்பிலை என்ன, அடுத்த வீட்டுச் சண்டை முழுக்க இலவசமா கெடைக்கும். தூங்க முடியாது."

"உங்க மேட்டுல செத்தாக்கூட மூணு நாள் கழிச்சுத்தாண்டா அடுத்த வீட்டுக்குத் தெரியும்!"

இப்படியே வெள்ளிக்கிழமையும் போனது. துரைமேட்டுப் பெண்கள் காரில் வந்து தங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். ஓடைக்கரைப் பெண்கள் குழம்பு கொண்டுவந்தார்கள். சவரியம்மாள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்திருந்தது, அவள் வாழ்க்கையில் இத்தனை பேர் அவளைத் தங்கள் பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆனால் ராத்திரி படுத்தால் வேறொன்று உறுத்தியது. எல்லோரும் கேட்பது புல்லை. புல் வராது என்றால் இந்த வாசலுக்கு யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கூட்டிக்கொண்டு போகப்போவதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பேசித் தீராததால் ஆடித் தீர்ப்பது என்று முடிவானது. சனிக்கிழமை நாலு மணிக்கு, காலனிக் கிரீனிலேயே, டாக்டருக்கும் யூசுப்புக்கும் போட்டி. ஜெயிக்கிற கிளப்பின் பக்கம் அந்த அம்மா குடிபோக வேண்டும். கூரைமேல், டிரம்மேல், படிமேல் எல்லாம் ஆட்கள். ஆட்டம் சமமாகவே போய், கடைசியில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு அடி பாக்கி. ஜெயித்ததும் கையெழுத்து வாங்க செக்ரட்டரி கிளப் தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே, பழக்க தோஷம், நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அடிக்கப் போறாங்க," என்றார்.

சவரியம்மாள் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நகரவில்லை. "இது என் வாசலு சார்."

"சரிம்மா, சரி. இங்க பேரு எழுதணும். பேரு சொல்லுங்க."

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "என்னைய வெச்சுப் பந்தயம் கட்டறீங்க, என் பேரு தெரியாதா? இருபத்திரண்டு வருசமா நீங்க தள்ளிப்போன்னா தள்ளிப்போனேன். திரும்பி நில்லுன்னா திரும்பி நின்னேன். டாக்டர் சார், நீங்களே சொல்லுங்க, என் பேரு என்ன?"

டாக்டர் யூசுப்பைப் பார்த்தார். ஒரு வாரமாக வர்க்கி கொண்டுவந்த யூசுப்புக்கும் தெரியவில்லை. அத்தனை கூட்டத்தில் காலனிக்காரர்கள் மட்டும்தான் தெரிந்தவர்கள், அவர்கள் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "என் மேல ஒரு அடி."

"நானும் கேக்கலம்மா," என்று யூசுப்பும் கையைத் தூக்கினார். "எனக்கும் ஒண்ணு போடுங்க."

பின்னால் நின்ற வக்கீல் கை தூக்கினார், எஸ்டேட்காரர் தூக்கினார், மெக்கானிக், டீச்சர், டிரம்மேல் நின்றவர், கூரைமேல் உட்கார்ந்தவர் என்று இரண்டு கிளப்பிலும் மட்டை பிடித்த ஒவ்வொரு கையும் மேலே போனது. கடைசியாகச் செக்ரட்டரி எழுதுவதை நிறுத்திவிட்டு, "எனக்கு இருபத்திரண்டு," என்றார். ஒப்பந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை, ஜெயிக்கிற கணக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சவரியம்மா," என்றாள் அவள், கொஞ்சம் கோபம் தணிந்து. "என் பேரு சவரியம்மா."

"சவரியம்மா," என்றார் டாக்டர். "உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க."

அவள் யோசிக்கவே இல்லை. "எனக்கு முட்டி போட முடியாது. கண்ணு நல்லாத் தெரியும். ஒரு நாற்காலி போடுங்க, நான் உக்காந்து காட்டறேன், நீங்க புடுங்குங்க. அது இங்கயே இருக்கட்டும். ரெண்டு பேரும் ஆடுங்க."

நாற்காலி வந்தது. பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் கிரீனில் முட்டி போட்டார்கள். "அது களை இல்ல பாய், அது புல்லு, அத ஏன் புடுங்கறீங்க," என்று அவள் முதல் அதட்டல் போட்டபோது காலனி கைதட்டியது. அன்று அவளுக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. இரு என்று சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. இனி ஏன் திருப்பூர்?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜெசிந்தா வந்தாள். அம்மா நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, எட்டுப் பெரிய மனுஷர்கள் கீழே முட்டி போட்டுக் களை பிடுங்குவதைப் பார்த்துவிட்டு, பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"வாடி," என்றாள் சவரியம்மாள், குரலெல்லாம் பூரிப்பாக. "பாத்தியா? நான் வரலடி. இங்கயே இருக்கேன். எல்லாரும் இருக்கச் சொல்லிட்டாங்க. இது பாரு, நான் பதினோரு நாளு போகலன்னதும் அதுவே என்னத் தேடிட்டு வந்திருச்சு."

ஜெசிந்தா கிரீனைப் பார்த்தாள். இருபத்தெட்டு வயசுக்காரி, அந்த நேரம் ஆறு வயசு முகமாக இருந்தது அவளுக்கு.

"பதினோரு நாளு," என்றாள். "நான் ஒம்பது வருசமா திருப்பூர்ல இருக்கேம்மா. நீ ஒரு தடவ வரல."

களை காட்ட நீட்டியிருந்த கையை சவரியம்மாள் மடியில் இறக்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வான்னா, ஞாயித்துக்கெழமதான் நெறைய பேரு ஆட வராங்கன்னே. திங்கக்கெழம வான்னா, திங்கக்கெழமதான் எரு போடணும்னே. சின்னதுல இருந்து இதேதான். ஸ்கூல் விட்டு வந்தா கதவு பூட்டியிருக்கும், படியில உக்காந்திருப்பேன், இதோ வரேன் இதோ வரேன்னு இருட்டினப்புறம் வருவே, கையெல்லாம் புல்லு வாசம். எனக்கு உன் வாசமே அதுதாம்மா. இது நடந்து வந்துச்சு, எனக்கு நடந்து வரத் தெரியல, பஸ்ல வந்திருக்கேன். நானும் தேடித்தான் வந்திருக்கேன்."

களை பிடுங்கிக்கொண்டிருந்த எட்டு பேரும் தலையைத் தூக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ரூல் வைத்திருந்தவர்களிடம் இதற்கு ஒன்றுமில்லை. சவரியம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடமைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேனே, பாவி, என்று மனசு அடித்துக்கொண்டது. இரு என்று ஒருத்தரும் சொல்லவில்லை என்று பத்து நாளாக ஏங்கினாளே, வா என்று ஒன்பது வருஷமாக ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவள் காதில் விழவே இல்லை.

நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். "கையக் குடுடி," என்றாள்.

யூசுப் எழுந்து கைமண்ணைத் தட்டினார். "அப்ப இது, சவரியம்மா?"

"அது இஷ்டம் பாய். நான் என் மகளோட போறேன்."

ஒரு மணி பஸ்ஸில் ஏறினார்கள். டாக்டர் மட்டையை ஊன்றுகோலாகக் கொடுத்தார், செக்ரட்டரி சூட்கேஸைத் தூக்கி வந்து வைத்தார். இருங்கள் என்று ஒருவரும் தடுக்கவில்லை, அந்த மட்டில் அவர்கள் நல்லவர்கள்.

திங்கட்கிழமை காலையில் காலனியில் வெறும் மண்தரைதான் இருந்தது. துரைமேட்டுக்கு எட்டு, ஓடைக்கரைக்கும் எட்டு. "வாடா நாயகம், ஒண்ணாங்குழிய ரெண்டு தடவ ஆடறது எப்படின்னு சொல்லித் தரேன், பதினாறு வருஷ அனுபவம் இருக்கு," என்று யூசுப் போன் செய்தார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அதே நேரத்தில் திருப்பூரில், குறுகலான ஒரு தெருவில், கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்தில், ஏழாம் குழி கொடியோடு வந்து படுத்திருந்தது. வேன் டிரைவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பில் நின்றார். மேலே இரண்டாவது மாடியில் சவரியம்மாள், மகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"கீழ வந்து நிக்குதும்மா," என்றாள். "ஓரமெல்லாம் மஞ்சளா இருக்கு. பாவமா இருக்கு. களை வேற தெரியுது."

சவரியம்மாளின் கை ஒரு நொடி நின்றது. முழங்கால் தானாக எழப் பார்த்தது, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் அதை அடக்கினாள்.

"இருக்கட்டும்," என்றாள். "அது கொஞ்ச நேரம் காத்துக் கிடக்கட்டும். நீ சாப்பிடு. இன்னொண்ணு ஊத்தறேன்."

கீழே வேன் ஹாரன் அடித்தது. ஜெசிந்தா எழவில்லை. தட்டை நீட்டினாள்.